மூட்டைக்கு என் பெயர்

கப்பலூர்
11.6.2024

அன்புள்ள சாதிகா அக்காவுக்கு,

தமிழ்வாணி எழுதுகிறேன். போனில் பேசினால் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன் என்று போன வாரம் கோபித்துக்கொண்டாய். அது அண்ணனுடைய போன். எப்போது திருப்பித் தருவேன் என்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நான் வேறு என்ன சொல்ல? எழுதும்போது யாரும் பக்கத்தில் உட்கார்வதில்லை. பதிலைக் கம்பெனி முகவரிக்கே போடு.

நீ போனபிறகு வேனில் உன் இடம் காலியாகவே இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் நீ போன மறுநாளே சோலையம்மா அக்கா தன் சாப்பாட்டுக் கூடையை அங்கே வைத்துவிட்டாள். "அவ என்ன செத்தா போனா, சென்னைக்குத்தானே போயிருக்கா" என்றாள். டிரைவர் முத்துக்கருப்பன் அண்ணன்தான் இன்னும் பழக்கத்தில் நீ ஏறும் காளவாசலில் வேனை நிறுத்துகிறார். யாரும் ஏறுவதில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பிறகு எடுக்கிறார்.

இப்போது விஷயம். நாம் செய்கிற தொட்டில் ஸ்டாண்டுக்கு உங்கள் உற்பத்தியாளர் சங்கம் போடுகிற தர விதிகளின் வரைவு முதலாளி அருள்பாண்டி அண்ணனுக்கு வந்திருக்கிறது. நீ டைப் செய்தது என்று தெரிந்ததும் அவர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான்தான் வாசித்தேன். கூட்டத்தில் பேச வராது, வாசிக்க வரும். குழாயின் கனம், பெயின்டில் ஈயம் இருக்கக் கூடாது, எல்லாம் சரி. பதினாலாவது விதியில் இப்படி இருந்தது: "உற்பத்தியாளர் ஒவ்வொரு ஸ்டாண்டையும் எடை தொங்கவிட்டுச் சோதிக்கலாம்."

அதை வாசித்ததும் அருள்பாண்டி அண்ணன் சொன்னார்: "சோதிக்கலாம்னா சோதிக்காமலும் விடலாம்ல? அப்ப இந்தப் பிள்ளைய வேற வேலைக்குத்தான் மாத்தணும். வேற வேலைதான் எங்க இருக்கு?"

சும்மா சொன்னாரா, நினைத்துச் சொன்னாரா தெரியவில்லை. அக்கா, எனக்கு வெல்டிங் தெரியாது. பெயின்ட் வாசனை ஆகாது. அம்மாவின் ஆபரேஷனுக்காகப் பத்தாவது பாதியில் நின்றவள். எனக்கு இருக்கும் வேலை இது ஒன்றுதான். ஸ்பிரிங் மாட்டி, சோலையம்மா அக்காவின் பழைய சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கட்டி, உட்கார்ந்து குதித்துப் பார்த்து, சரி என்றால் மடக்கிப் பெட்டியில் வைக்கிறேன். முதல் நாள் நீதானே என்னைத் தூக்கி அதில் உட்காரவைத்தாய். "இது பேசாது, ஆனா எடை தோதா இருக்கு" என்று எல்லாரிடமும் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் துணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இங்கே வேலை இல்லை என்றால் வீட்டில் அண்ணன் என்ன சொல்வான் என்று உனக்குத் தெரியும். மாமா வீட்டில் ஏற்கெனவே பெண் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த "சோதிக்கலாம்" என்பதைச் "சோதிக்க வேண்டும்" என்று மாற்றிவிடு. டைப் செய்வது நீதானே.

உன்
தமிழ்வாணி


சென்னை
20.6.2024

அடியே தமிழு,

நாலு பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளை போனில் "ம்" போட்டே என் காசைக் கரைத்தாயே. கடிதத்தை ஹாஸ்டலில் மூன்று முறை படித்தேன். அறைத்தோழி காதலனா என்று கேட்டாள். ஆமாம், காளவாசலில் எனக்காக வேனை நிறுத்துகிறான் என்றேன்.

டைப் செய்வது நான்தான். ஆனால் இங்கே "லாம்" என்பதை "வேண்டும்" ஆக்குவதற்கு ஒரு கூட்டம் கூடி, இரண்டு முறை காபி குடித்து, ஒருத்தர் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். நான் பாட்டுக்கு மாற்றினால் மறுநாள் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி மடிக்க வந்துவிடுவேன்.

இங்கே என் வேலை என்ன என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். உறுப்பினர்கள் எழுதி அனுப்புவது இப்படி இருக்கும்: "குழந்தையின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு கவனமாகத் தயாரிப்பது அவசியமாகிறது." எங்கள் செயலாளர் பீமாராவ் சார் அதைச் சிவப்புப் பேனாவால் சுழிப்பார். "கவனமா செஞ்சாங்களா இல்லையான்னு கடைக்காரன் எப்படிம்மா பாப்பான்?" என்பார். அதனால் எங்களுக்கு மூன்றே முடிவுதான். கட்டாயம் என்றால் "வேண்டும்". அது இல்லாமல் எங்கள் முத்திரை கிடைக்காது; முத்திரை இல்லாவிட்டால் பெரிய கடைகள் வாங்கப் போவதில்லை. செய்தால் நன்றாக இருக்கும், செய்யாவிட்டாலும் தள்ளமாட்டோம் என்றால் "நல்லது". உன் விருப்பம் என்றால் "லாம்". செய்யவே விடமாட்டோம் என்றால் "கூடாது". நாலு ஆகிவிட்டது. எண்ணத் தெரியாதவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் பார்.

பதினாலாவது விதியை "வேண்டும்" ஆக்கச் சொல்லி, உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன். கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. உனக்கும் உண்டு. படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். விதி எண், இருக்கிற வாக்கியம், வேண்டிய வாக்கியம், காரணம். அவ்வளவுதான் எழுத வேண்டும்.

ஆனால் ஒன்று யோசித்துக்கொள். "வேண்டும்" போட்டால் எவ்வளவு எடை, எப்படித் தொங்கவிடுவது எல்லாம் சேர்ந்து வரும். "தமிழு உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று எழுத முடியாது. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள் தமிழுக்கு எங்கே போவார்கள்?

இங்கே பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அந்த வாசனை வரும்போதெல்லாம் சாப்பாட்டு நேரம் என்று வயிறு நினைக்கிறது. சோலையம்மா அக்காவின் கருவாட்டுக் குழம்பை நான் மோந்து பார்த்துவிட்டு நோன்பு என்று ஓடிய நாள் நினைவிருக்கிறதா? துரத்திக்கொண்டே வந்தாளே, "நோம்பு தொறக்க எடுத்து வைக்கிறேன்டி" என்று.

கூடையை என் சீட்டிலிருந்து எடுக்கச் சொல்.

சாதிகா


கப்பலூர்
3.9.2024

சாதிகா அக்காவுக்கு,

இரண்டாவது வரைவு வந்தது. வாசித்தேன். "ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இருபது கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும்." அதுவரை சந்தோஷம். அடுத்த வரி, "சோதனைக்காக ஆட்கள் தொட்டிலில் அமரக் கூடாது."

வேறு ஊரில் எங்கேயாவது ஆட்கள் தொட்டிலில் உட்காருகிறார்களா? சங்கத்தில் வேறு யாருக்காவது இது தெரியுமா? அந்த வரி எனக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது நீதான்.

அருள்பாண்டி அண்ணன் சிரித்தார். "மூட்டைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, வேன்ல சீட்டும் வேண்டாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை நான் முகத்தை மறைத்துக்கொள்ளத் துணி இல்லை.

நீ வைத்த படிவத்தை நிரப்பவில்லை. எனக்கு எழுதத் தெரியாது.

தமிழ்வாணி


சென்னை
12.9.2024

தமிழு,

ஆமாம், நான்தான் எழுதினேன். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்க்கச் சொன்னேன். பீமாராவ் சார்கூட, "இப்படி எல்லாம் யாரும்மா செய்வாங்க?" என்றார். செய்வார்கள் சார் என்றேன்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். வேறு எப்படி எழுதச் சொல்கிறாய்? "ஆட்கள் அமராமல் இருப்பது நல்லது" என்றா? அப்படிப் போட்டால் அருள்பாண்டி அண்ணன் என்ன செய்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல மனுஷன்தான். ஆனால் மூட்டை தைப்பதைவிட உன்னை உட்காரச் சொல்வது சுலபம். ஒரு ஸ்டாண்டு உடையுமா உடையாதா என்று உன் முதுகை வைத்துப் பார்க்கிறார்கள் என்பது அங்கே இருந்தவரை எனக்குத் தோன்றவே இல்லை. விளையாட்டாக இருந்தது. இங்கே உட்கார்ந்து, சோதனை என்றால் என்ன, எது உடையலாம் என்று வரிவரியாக டைப் செய்யும்போதுதான் அந்தச் சிவப்புச் சுங்குடிக்குள் உன் கால் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

உன் வேலை போய்விடக் கூடாது என்று எனக்கும் கவலை இருக்கிறது. ஆனால் அந்த வரியை எடுக்கமாட்டேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் எடுக்கமாட்டேன்.

சோலையம்மா அக்காவிடம் கேட்டதாகச் சொல்.

சாதிகா


கப்பலூர்
2.12.2024

அன்புள்ள சாதிகா அக்காவுக்கு,

நீ தீபாவளிக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. பதில் போடவில்லை. பெருநாளுக்கும் நான் வாழ்த்துப் போடவில்லை; இரண்டுக்கும் சண்டைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, பெருநாள் நம் சண்டைக்கு முன்னால் வந்தது என்று ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது.

இடது கையை ஊன்ற முடியாமல் எழுதுகிறேன், காகிதம் நகர்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

விதி நடைமுறைக்கு வருமுன் பழகிக்கொள்ளலாம் என்று அருள்பாண்டி அண்ணன் மூட்டை தைக்கச் சொன்னார். சோலையம்மா அக்காதான் மணல் நிரப்பி, வாயைத் தைத்தாள். சுங்குடியில் போட்டுத் தொங்கவிட்டாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? போகிற போக்கில் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். வெல்டர் சின்னக்கருப்பன் அண்ணன் பார்த்துவிட்டு, "என்னக்கா, பால் குடுத்தாச்சா?" என்றார். அன்றிலிருந்து மூட்டைக்குத் தமிழு என்று பெயர். "தமிழு எங்க?" என்று கேட்டால், "தொங்கிக்கிட்டு இருக்கா" என்கிறார்கள். நான் அங்கேயே நிற்கிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு ஸ்டாண்டில் மூட்டை டீ நேரம் முழுவதும் தொங்கியது. அசையவே இல்லை. கொக்கி நன்றாக இருந்தது. இறக்கினேன். பெட்டியில் வைக்கப் போனேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. உட்காராமல் எதையும் நான் பெட்டியில் வைத்ததில்லை. யாரும் பார்க்காதபோது உட்கார்ந்தேன். எப்போதும் செய்வதுபோல் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தேன். ஸ்பிரிங் மேலே போனது. அந்த ஒரு நொடி பாரம் இல்லாமல் போனதும் ஸ்பிரிங்கின் வளையம் கொக்கியிலிருந்து நழுவிவிட்டது. முதுகும் முழங்கையும் சிமென்ட் தரையில்.

அருள்பாண்டி அண்ணன் ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவரே தன் வண்டியில் திருமங்கலம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்த ஸ்டாண்டு பெட்டிக்குள்ள போயிருக்குமே தாயி" என்று மட்டும் சொன்னார். வீட்டில் வேன் படியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்மேல் கோபம் முழுதாகப் போகவில்லை. நீ எழுதியது சரி என்று தெரிகிறது. தெரிந்தும் கோபம் இருக்கிறது. வீக்கம் வடிகிற மாதிரி மெதுவாகத்தான் போகும் போலிருக்கிறது.

படிவத்தைத் தேடி எடுத்தேன். நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்த்துத் திருத்தி அனுப்பு.

விதி எண்: 14.
இருக்கிற வாக்கியம்: மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும்.
வேண்டிய வாக்கியம்: மூட்டையைத் தொங்கவிட்டு, கையால் மேலே தூக்கி விட்டுச் சோதிக்க வேண்டும். கொக்கிக்கு, வளையம் நழுவாதபடி வாயை மூடும் நாக்கு இருக்க வேண்டும்.
காரணம்: குழந்தை மூட்டை மாதிரி சும்மா கிடக்காது.

உன்
தமிழ்வாணி


சென்னை
14.12.2024

தமிழு,

முதலில் கை எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் வேறு எதையும் எழுதாதே.

நீ விழுந்ததைப் படித்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். நான் சொன்னேனே என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். எழுதவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

உன் படிவத்தில் நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அப்படியே கூட்டத்தில் வைத்தோம். பீமாராவ் சார் காரணத்தைச் சத்தமாக வாசித்தார். ஒரு பெரியவர், "என் பேரன் உதைக்கிற உதையில தொட்டிலே நடக்கும்" என்றார். சிரிப்பு அடங்கியதும் வேலையைக் கூட்டுகிறீர்கள் என்று சண்டை ஆரம்பித்தது. "தூக்கி விடுவது நல்லது" என்று போதும் என்றார்கள். சார் கேட்டார்: "நழுவாம இருக்கறது நல்லதா, வேணுமா?" அதோடு "வேண்டும்" என்றே முடிவாயிற்று. எத்தனை முறை, எவ்வளவு உயரம் தூக்குவது, ஒன்று விழுந்தால் என்ன செய்வது என்று மாலைவரை பேசி முடிவெடுத்தார்கள். அதெல்லாம் விதியிலேயே இருக்கும்.

ஆனால் கோயம்புத்தூர்க்காரர் எந்திரம் வைத்திருக்கிறார். அதனால் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது: "இச்சோதனையைக் கையாலோ எந்திரத்தாலோ செய்யலாம்." அந்த "லாம்" பற்றி உனக்குச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அருள்பாண்டி அண்ணன் எந்திரம் வாங்காதவரை அது உன் வேலை. வாங்கினால் என்ன என்று எனக்குத் தெரியாது.

கொக்கி நாக்கு தோற்றுவிட்டது. செலவு என்றார்கள். "இருப்பது நல்லது" என்றுதான் வருகிறது. எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி முதல் தேதி நடைமுறைக்கு வருகிறது. ஆட்கள் அமரக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் அழுதுகொண்டு வந்த அன்று, யாருமில்லாத நேரத்தில் என்னைத் தொட்டிலில் உட்காரச் சொல்லி நீ ஆட்டினாயே. ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டினாய். இங்கே எல்லாரும் நிறையப் பேசுகிறார்கள்.

சாதிகா


கப்பலூர்
11.2.2025

அன்புள்ள சாதிகா அக்காவுக்கு,

கை சரியாகிவிட்டது. மழை வந்தால் மட்டும் முழங்கை எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிறது.

ஜனவரி கடைசி நாள் சாயங்காலம் சுங்குடியை அவிழ்க்கும் முன் யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. கடைசியாக உட்காரு என்று யாரும் என்னைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோலையம்மா அக்கா துணியை மடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்புட்டும் கிரீஸு" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அதே துணியில் மூட்டையை மறுபடி கட்டினோம்.

நான் இப்போது மூட்டையைத் தூக்கி விடுகிறேன். விதியில் சொன்ன உயரத்துக்குத் தூணில் கோடு போட்டிருக்கிறேன். உட்கார்வதைவிட இது கஷ்டம். வீட்டில் அண்ணன், "மூட்ட தூக்குறதுக்கு ஒரு உத்தியோகம்" என்றான். சொல்லட்டும். மாமா வீட்டுக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டாள், இப்போதைக்கு இல்லை என்று.

நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரிய கடையின் லாரி வாசலில் நின்றது. கடைசி வரிசையில் ஒரு ஸ்டாண்டில் மூட்டையைத் தூக்கி விட்டேன். மூன்றாவது தடவையில் நழுவித் தரையில் விழுந்தது. சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அருள்பாண்டி அண்ணன் மணியைப் பார்த்தார்.

"கொக்கிய லேசா வளைச்சுவிட்டு ஏத்துங்கப்பா. லாரி நிக்குது."

சின்னக்கருப்பன் அண்ணன் சுத்தியலை எடுத்தார். இத்தனை நாளில் அவருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆமாம் என்றுகூடத் தலையைத்தான் ஆட்டுவேன்.

"அண்ணே, ஏத்தக் கூடாது" என்றேன்.

"என்னத்தா?"

"ஒண்ணு விழுந்தா அதே கொக்கி போட்ட அம்புட்டையும் திரும்பப் பாக்கணும். பதினாலுல இருக்கு."

"யாரு எழுதுனது அத?"

"சாதிகா அக்கா டைப் பண்ணுனது. தூக்கி விடணும்னு எழுதுனது நானு."

அவருக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. சோலையம்மா அக்கா, "ஏ ஆத்தி" என்றாள். அண்ணன் என்னையும் மூட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். திருமங்கலத்திலிருந்து திரும்பியபோது இருந்த முகம் மறுபடி வந்தது. "ரெண்டு தமிழும் சேந்துக்கிட்டு என்னக் கொல்லுதுக" என்று சொல்லிவிட்டு லாரிக்காரரிடம் போனார். லாரி பாதிச் சரக்கோடு போனது.

இன்று காலையில் அருள்பாண்டி அண்ணன் ஒரு பை நிறையக் கொக்கி கொண்டுவந்தார். எல்லாம் நாக்கு வைத்தது. விதியில் "நல்லது" என்றுதானே இருக்கிறது அண்ணே என்று சின்னக்கருப்பன் அண்ணன் கேட்டார். "நல்லதுன்னா செய்யக் கூடாதுன்னா போட்டிருக்கு?" என்றார்.

எந்திரம் வாங்குவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விழுந்த ஸ்டாண்டை விற்க முடியாது. சின்னக்கருப்பன் அண்ணன் அதன் மேல் குழாயில் வரிசையாகச் சின்னக் கொக்கிகள் வெல்டிங் வைத்துச் சாப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். எல்லாரும் சாப்பாட்டுப் பையை அதில்தான் மாட்டுகிறோம். நடுவில் ஒரு கொக்கிக்கு மட்டும் நாக்கு வைக்கச் சொன்னேன். அது உன்னுடையது. இன்று மத்தியானம் சோலையம்மா அக்கா தன் கூடையை அதில் மாட்டப் போனாள்.

மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உன்
தமிழ்வாணி